இல்லாத கோபுரத்தைக் காட்டும் நடைச்சுற்றுலா

பாரிஸ் நகரின் பழைய மதிலைப் பின்தொடரும் இரண்டு மணி நேர நடைச்சுற்றுலா ஒன்றில் சென்ற இலையுதிர் காலத்தில் கலந்துகொண்டேன். கட்டணம் ஒருவருக்கு 20 யூரோ. விளம்பரத்தில் முதலிடம் பெற்றிருந்த, அம்மதிலின் நெல் கோபுரம் 1665-இலேயே இடிக்கப்பட்டது என்பதால், இல்லாத ஒன்றைக் காட்டவா பணம் வாங்குகிறார்கள் என்ற ஐயத்துடன்தான் போனேன். (தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் களத்துமேட்டை நினைவூட்டும், உண்மையில் அது, கோபுரத்தையொட்டிய மாளிகையை 1308-இல் நான்காம் பிலிப் மன்னருக்கு விற்ற பிரபுக் குடும்பத்தின் பெயர்.)

சுற்றுலாவின் சிறந்த பகுதி சேன் நதியின் மேல் உள்ள போன் தேஸார் நடைபாலத்தில் அமைந்தது. வழிகாட்டி ஒரு கண்ணாடித்தாளை எடுத்து, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றியபடி, எங்கள் கண்ணுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே பிடித்தார். 17-ஆம் நூற்றாண்டின் செதுக்கோவியர் ஜாக் காலோ வரைந்த கோபுரத்தின் கோடுகள் அதில் இருந்தன. காற்றில் தாள் இருமுறை மடங்கியது. மூன்றாம் முறை நிலைத்து நின்றபோது, இன்றைய பிரெஞ்சு நிறுவகக் கட்டடத்தின் இடச்சிறகில், மசாரின் நூலகம் இருக்குமிடத்தில், சுமார் 25 மீட்டர் உயரமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட உருண்டைக் கோபுரமும், அதை ஒட்டி அதைவிட உயர்ந்து நின்ற படிக்கட்டுச் சிறுகோபுரமும் எழுந்து நின்றன. மதிலைக் கட்டுவித்தவர் இரண்டாம் பிலிப் மன்னர்; வலக்கரையில் 1190-இலும் இடக்கரையில் 1200-ஐ ஒட்டியும் வேலை தொடங்கியது. மதில் ஆற்றைத் தொடும் இடத்தில் பகைவரின் படகுகள் நுழைந்துவிடாதபடி, இந்தக் கோபுரத்திலிருந்து எதிர்க்கரையில் லூவர் கோட்டைப் பக்கத்துக் கோபுரம் வரை, வரிசையாக நிறுத்திய படகுகள் தாங்க, சங்கிலி இழுத்துக் கட்டுவார்கள் என்று அவர் விளக்கியபோது, கோபுரம் ஏன் சரியாக அந்த மூலையில் நின்றது என்பது வேறு விளக்கமின்றிப் புரிந்தது.

அடுத்து மசாரின் தெருவிலுள்ள ஒரு நிலத்தடி வாகன நிறுத்துமிடத்துக்கு இறங்கினோம். அங்கே மதிலின் ஒரு துண்டு, நிறுத்தியிருந்த காரின் பின்கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி, எவ்வித அலங்காரமுமின்றி நிற்கிறது. இருபுறமும் செதுக்கிய கற்களை அடுக்கி, நடுவில் சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பிய கட்டுமான முறையை அருகில் சென்று பார்க்கலாம். எங்கள் குழுவில் பதினைந்து பேர் இருந்ததால் பின்னால் நின்றவர்களுக்கு வழிகாட்டியின் குரல் கேட்கவில்லை. இவ்வளவு பேரைச் சேர்ப்பவர்கள் காதணி ஒலிக்கருவி கொடுத்திருக்க வேண்டும்.

என் பெரிய குறை கதை சொன்ன விதத்தைப் பற்றியது. 1314-இல் நான்காம் பிலிப்பின் மருமகள்கள் மீது கள்ளக்காதல் குற்றம் சுமத்தப்பட்டதும், அவர்களின் காதலர்கள் எனப்பட்ட ஓனே சகோதரர் இருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதும் வரலாறு. ஆனால் ஓர் அரசி தன் காதலர்களை இக்கோபுரத்திலிருந்து ஆற்றில் எறிவித்தாள் என்ற பிற்காலக் கட்டுக்கதையையும் வழிகாட்டி அதே மூச்சில், அதே உறுதியுடன் கூறி, அதற்கே கால் மணி நேரம் செலவிட்டார். இத்தாலியப் பொற்கொல்லர் பென்வெனுதோ செல்லினி 1540-களில் முதலாம் பிரான்சுவா மன்னர் அளித்த, கோபுரத்தையொட்டிய சிறிய நெல் மாளிகையில் பட்டறை நடத்தியதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவரது புகழ்பெற்ற பொன் உப்புக்கிண்ணம் உருவான காலமும் அதுவே. வதந்திக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன், அதில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடித்தாளுக்கு. பதிவு செய்பவர்கள் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் எதிர்வெயில் தாளில் பட்டுக் கோடுகள் தெரியாமல் போகும் என்று வழிகாட்டியே ஒப்புக்கொண்டார். இச்சுற்றுலா வலக்கரைக்குச் செல்வதில்லை. மதிலின் மிக நீண்ட எச்சத்தைக் காண விரும்புவோர் முடிந்தபின் தாமாகவே ஜார்தேன் சேன் போல் தெருவுக்கு நடந்து போகலாம். அங்கே மதிலடியிலுள்ள விளையாட்டு மைதானத்தில் மாணவர்கள் பந்தாடிக்கொண்டிருப்பார்கள், நுழைவுக்கட்டணம் ஏதுமில்லை.