ரிவர்ஸ் மட்டும் விழவில்லை: ஆயிலா, சொலினாய்டா, ஓவர்ஹாலா, குஜ்ரி பாக்ஸா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார். முன்னால் போவதில் ஒரு குறையும் இல்லை. ஆர் போட்டால் மட்டும் இன்ஜின் உறுமுகிறது, வண்டி அசைவதில்லை. அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துச் சந்துகளில் குடியிருப்பவருக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. முட்டுச் சந்துக்குள் நுழைந்த வண்டியை ஆள் வைத்துத் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். பெங்களூரில் நான்கு மெக்கானிக்கிடம் காட்டினால் நான்கு பதில் வரும். ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு சொலினாய்டு (கம்ப்யூட்டர் மின்சாரத்தால் இயக்கும் ஆயில் வால்வ்) என்பார் இன்னொருவர். கியர்பாக்ஸைப் பிரித்து ஓவர்ஹால் பண்ணணும் என்பார் மூன்றாமவர். சிவாஜிநகரின் பழைய உதிரிபாகச் சந்தையான குஜ்ரியில் பழைய பாக்ஸ் எடுத்து மாட்டிவிடலாம் என்பார் நான்காமவர். முதல் யோசனைக்கு சில ஆயிரம் போதும். மூன்றாவது லட்சத்தைத் தொடக்கூடியது.

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக பாக்ஸுக்குக் கடத்தும் உறுப்பு) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கைப் பொறுத்தவரை, இந்த நான்கில் எளிதில் நம்பக் கூடாதது சொலினாய்டு கதையைத்தான். பழைய 4 ஸ்பீடு பாக்ஸ்களில் ஆர் பெரும்பாலும் கம்ப்யூட்டர் தயவில் விழுவதில்லை. லீவரைத் தள்ளும்போது கேபிள் வழியாக உள்ளே இருக்கும் மேனுவல் வால்வ் நகர்கிறது, அது ஆயிலை ரிவர்ஸ் கிளட்ச்சுக்கு (ஆயில் அழுத்தத்தில் பிளேட்டுகள் நெருங்கிப் பிடிக்கும் அமைப்பு, கால் பெடல் அல்ல) திருப்பிவிடுகிறது. கம்ப்யூட்டர் மொத்தமாகக் கைவிட்டாலும் பல பாக்ஸ்கள் முன்னால் ஒரு கியரையும் பின்னால் ரிவர்ஸையும் வைத்துக்கொண்டு வீடு வரை ஓடும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. அதனால் டி-யில் எல்லாக் கியரும் ஒழுங்காக மாறி, ஆர் மட்டும் இல்லை என்றால், கோளாறு ஆயில் அழுத்தத்திலோ, சீலிலோ, கிளட்ச் பிளேட்டிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்கேனர் வீண் என்று சொல்லவில்லை. பி0736 (P0736) என்ற பிழைக் குறியீடு, அதாவது கோடு, வந்தால் ரிவர்ஸில் கியர் விகிதம் பொருந்தவில்லை என்று பொருள். ஆனால் அது உள்ளே வழுக்குகிறது என்ற சேதியைத்தான் சொல்கிறது, ஏன் வழுக்குகிறது என்பதை அல்ல. அந்தக் குறியீட்டைக் காட்டி ஒருவர் சொலினாய்டு செட்டுக்கு பில் போட்டால், காரணத்தைக் கேட்டு வாங்குங்கள்.

காசு இல்லாமல் பார்க்கக்கூடியது

லீவர் கேபிளின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்தோ உடைந்தோ போனால், உள்ளே லீவர் ஆர் காட்டும், பாக்ஸில் வால்வ் பாதி தூரம்தான் போயிருக்கும். ஆர் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால், பல்பு நன்றாக இருக்கும்பட்சத்தில், கேபிளையும் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், பாக்ஸ் மேல் உள்ள ரேஞ்ச் சுவிட்சையும் முதலில் பார்க்க வேண்டும். பி0705, பி0706 குறியீடுகளும் அந்த சுவிட்சைத்தான் சுட்டும். இது மட்டும்தான் கோளாறு என்றால் உங்கள் நல்ல நேரம்.

அடுத்தது ஆயில். பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் மட்டும் ஓட்டிச் சூடேற்றிய இன்ஜினை அணைத்து, உடனே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் உண்டு, அவற்றை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். சிவப்பாக இருந்தால் சரி. கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு எரிந்து ஆயிலில் கலந்துவிட்டது.

ஆயில் குறைந்தால் ஏன் ரிவர்ஸ் முதலில் அடிவாங்குகிறது? ரிவர்ஸில் கிளட்ச் தாங்க வேண்டிய விசை அதிகம், அதனால் பாக்ஸ் அந்த நேரத்தில் டி-யைவிடக் கணிசமாக அதிக ஆயில் அழுத்தத்தைக் கேட்கிறது. பம்ப் தேய்ந்திருந்தாலும் ஃபில்டர் அடைத்திருந்தாலும் டி சமாளித்துவிடும், ஆர் சமாளிக்காது. பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து சரிவில் பின்னால் ஏறும்போது மட்டும் திணறி, சமதளத்தில் நன்றாக இருப்பது இதன் ஆரம்பம்.

இன்னொன்றைக் கவனித்து எழுதி வையுங்கள்: கோளாறு குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? காலையில் ஆர் விழ நேரமாகி, கொஞ்சம் ஓடிய பிறகு சரியாகிவிட்டால், இறுகிப்போன ரப்பர் சீல்கள் மீது சந்தேகம். காலையில் நன்றாக இருந்து, சில்க் போர்டு டிராஃபிக்கில் வெந்த பிறகு போய்விட்டால், ஆயில் இளகி எங்கோ கசிகிறது: பம்ப், வால்வ் பாடி (ஆயிலை அந்தந்தக் கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வுகளின் தொகுதி), தேய்ந்த வளையங்கள். எந்த ஸ்கேனரும் இதைச் சொல்லாது, ஓட்டுகிற நீங்கள்தான் சொல்ல முடியும்.

நேரக் கணக்கும் உண்டு. டொயோட்டாவின் பழைய சர்வீஸ் கையேடுகளின்படி, சூடான ஆயிலில், பிரேக்கை மிதித்தபடி என்-இலிருந்து டி-க்கு மாற்றினால் 1.2 விநாடிக்குள்ளும், ஆர்-க்கு மாற்றினால் 1.5 விநாடிக்குள்ளும் அந்த இழுப்பு தெரிய வேண்டும். பிரேக்கை மிதித்து ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கும் ஸ்டால் டெஸ்டைப் பலர் சிபாரிசு செய்வார்கள். 5 விநாடிக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதுவே. ஏற்கெனவே வழுக்கும் கிளட்ச்சை இன்னும் எரிக்கிற சோதனை அது, நான் செய்ய மாட்டேன்.

பல 4 ஸ்பீடு பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு இரண்டு உறுப்புகள் சேர்ந்து பிடிக்க வேண்டும்: ரிவர்ஸ் கிளட்ச், லோ-ரிவர்ஸ் பிரேக் (பாக்ஸுக்குள் இருப்பது, கால் பிரேக் அல்ல). இரண்டாவது, லீவரை எல்-இல் போட்டால் முதல் கியரிலும் வேலை செய்யும். காலி ரோட்டில் எல்-இல் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை விடுங்கள். வண்டியை இன்ஜின் பிடித்து இழுத்தால் லோ-ரிவர்ஸ் பிரேக் உயிரோடு இருக்கிறது, குற்றவாளி ரிவர்ஸ் கிளட்ச். வண்டி தன்பாட்டுக்கு உருண்டுகொண்டே போனால் லோ-ரிவர்ஸ் பிரேக் போயிருக்கலாம். எதுவானாலும் பாக்ஸைப் பிரிக்கத்தான் போகிறார்கள், இருந்தாலும் மெக்கானிக் எதைக் கழற்றிக் காட்டப்போகிறார் என்று முன்பே தெரிந்திருப்பது நல்லது.

எதற்கு எது

ஆயில் மாற்றம் ஆரம்ப நிலைக்கு மட்டும். ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, தாமதமாக விழுவது, இவற்றுக்குக் கேட்கும். கீழே வடித்து மேலே ஊற்றும் முறையில், டார்க் கன்வெர்ட்டரில் தேங்கியது போக, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் மாறும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதை நான் பழைய பாக்ஸுக்குச் சொல்ல மாட்டேன், அடியில் படிந்த துகள் வால்வ் பாடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆயில் வகையிலும் விளையாடக் கூடாது: பழைய ஹூண்டாய்க்கு எஸ்பி-3, டொயோட்டாவில் வண்டிக்கு ஏற்ப டி-4 அல்லது டபிள்யூஎஸ். ஜேசி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் “எல்லாத்துக்கும் செட் ஆகும்” என்று கொடுக்கும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளேட் எரிந்த பிறகு எந்த ஆயிலும் அதை வளர்த்துத் தராது.

வால்வ் பாடி வேலைக்கும் ஓவர்ஹாலுக்கும் நடுவே தீர்ப்பு சொல்ல ஒரு நல்ல வழி இருக்கிறது. பெரும்பாலான பாக்ஸ்களில் வால்வ் பாடியைக் கழற்ற மொத்த பாக்ஸையும் இறக்க வேண்டியதில்லை. கழற்றிய பிறகு தெரியும் ஆயில் துளைகளில் ரிவர்ஸ் கிளட்ச்சுக்குப் போகும் துளை எது என்று படம் பார்த்துக் கண்டுபிடித்து, கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட்டால், நல்ல கிளட்ச் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கொடுத்துப் பிடிக்கும். ‘புஸ்’ஸென்று காற்று மட்டும் வெளியேறினால் சீல் போயிருக்கிறது, பிரிக்காமல் வழியில்லை. சத்தம் ஒழுங்காக வந்து, எண்ணெய்த் தட்டின் காந்தத்தில் கருந்துகள் குவியாமல் இருந்தால், வால்வ் பாடியைச் சுத்தம் செய்வதற்கோ மாற்றுவதற்கோ காசு போடலாம். இந்தச் சோதனையைக் கேள்விப்படாத ஆளிடம் ஓவர்ஹால் கொடுக்காதீர்கள். ஆட்டோமேட்டிக்கை மட்டுமே பிரித்துச் சேர்க்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், உங்கள் தெரு மெக்கானிக்குக்கே அவர்களைத் தெரியும்.

ஓவர்ஹாலில் பிளேட், சீல், பம்ப் எல்லாம் புதிதாகிவிடுவதால் இன்னும் சில வருடம் வைத்திருக்கப்போகும் வண்டிக்கு என் ஓட்டு அதற்கே. டார்க் கன்வெர்ட்டரையும் ஆயில் கூலரையும் சுத்தம் செய்யாமல் மூடினால் பழைய துகள் புதுப் பிளேட்டுக்குத் திரும்பி வரும். எஸ்டிமேட்டில் இவை இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும்.

குஜ்ரி பாக்ஸ் மலிவு, வேகமும் கூட. ஒரே நாளில் வண்டி கிடைத்துவிடலாம். தில்லி மாயாபுரியிலிருந்தும் சரக்கு வரும். ஆனால் நம் பாக்ஸுக்கும் அதே வயது என்றால், அதன் சீலும் அதே அளவு இறுகித்தான் இருக்கும். “பாய், எந்த வண்டியில கழட்டினது?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், மிச்சமிருக்கும் ஆயிலை ஒரு துணியில் வடித்துப் பாருங்கள். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்த பாக்ஸ். 2015 சென்னை வெள்ளமும், 2022 செப்டம்பரில் நம் அவுட்டர் ரிங் ரோடு முழுகியதும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்று நினைத்துப் பார்த்தால் இந்த எச்சரிக்கை புரியும். கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு பசை வைத்து ஒட்டியது, தண்ணீர் பட்டால் உரியும். பாக்ஸ் மேல் உள்ள குறியீட்டு எண் உங்களுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் அளவு ஒன்றுதான் என்று விட்டுவிடக் கூடாது.

வேறு வகை ஆட்டோமேட்டிக்குகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கியர்ப் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடியில் பெல்ட்டும் புல்லியும் முன்னுக்கும் பின்னுக்கும் பொது. முன்னால் நன்றாகப் போனால் பெல்ட்டைக் குறை சொல்ல முடியாது, பாக்ஸுக்குள் இருக்கும் ரிவர்ஸ் பிரேக்கைத்தான் பார்க்க வேண்டும். போலோ ஜிடி போன்றவற்றின், இரண்டு கிளட்ச் கொண்ட 7 ஸ்பீடு டிஎஸ்ஜியில் ரிவர்ஸ், 2, 4, 6 எல்லாம் ஒரே கிளட்ச்சில் தொங்குகின்றன. அவையும் சேர்ந்து போயிருந்தால் அந்தக் கிளட்ச்சோ மெக்கட்ரானிக்ஸோ (அதை இயக்கும் கட்டுப்பாட்டுத் தொகுதி). அங்கே ஸ்கேனர்காரர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். செலேரியோ, வேகன் ஆர் போன்ற ஏஎம்டி (மேனுவல் பாக்ஸையே தானாக இயக்கும் வகை) என்றால் முதலில் பிரேக் சுவிட்ச், அப்புறம் கியரை மாற்றும் ஆக்சுவேட்டர்.

விற்பது? 15 வருடத்தை நெருங்கும் வண்டியென்றால் யோசிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து பதிவைப் புதுப்பிக்கும் மத்திய அரசுக் கட்டணமே காருக்கு 5,000 ரூபாய் ஆனது, அதற்கு மேல் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைத் தயார் செய்யும் செலவு, வரி. ஓவர்ஹால் செலவும் அதோடு சேரும்போது வண்டியின் விலையைத் தாண்டினால், உள்ளதைச் சொல்லி விற்றுவிடுவதே நல்லது. மறைத்து விற்க நினைத்தால் வாங்க வருபவர் முதலில் பார்க்கிங்கிலிருந்து பின்னால்தான் எடுக்கச் சொல்வார்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முன்னால்தான் போகிறதே என்று அதுவரை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். எரிந்த பிளேட்டின் துகள் நல்ல கிளட்ச்சுகளுக்கும் பரவும். வொர்க்‌ஷாப்புக்கு ஃபிளாட்பெட் டோ வண்டியிலேயே அனுப்புங்கள். இன்ஜின் ஓடாதபோது பாக்ஸின் பம்பும் ஓடாது. இழுவைச் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே எல்லாம் ஆயிலில்லாமல் சுற்றும்.