வி.எஃப்.எக்ஸ் கோர்ஸ்ல சேரப் போறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிங்க

வடபழனி பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட். கம்ப்ளைன்ட் ஓடிட்டிருக்கு, அதனால பேர் போடல. மோஷன் கிராஃபிக்ஸ், கம்பாசிட்டிங் (தனித்தனியா எடுத்தத ஒரே ஷாட்டா சேக்கறது), அதுக்கான நியூக் சாஃப்ட்வேர், நூறு சதவீதம் வேலைன்னு போஸ்டர் ஒட்டிருப்பாங்க. ஒன்றரை லட்சம் ஃபீஸ், கையில இல்லன்னா "வட்டியில்லா ஈஎம்ஐ இருக்கு தம்பி"ன்னு ஆதார், பான் வாங்கிட்டு ஒரு ஓடிபி கேட்டாங்க. அது ஃபீஸ் தவணை இல்லீங்க, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில என் பேர்ல எடுத்த லோன், மொத்தப் பணமும் இன்ஸ்டிடியூட்டுக்கு அப்பவே போயிடுது, அப்புறம் க்ளாஸ் நடந்தாலும் நடக்கலன்னாலும் நாம கட்டணும், நிறுத்தினா சிபில் ஸ்கோர்ல அடி நமக்குத்தான்.

க்ளாஸ் கதைய கேளுங்க. மோஷன் கிராஃபிக்ஸ்னா ரெடிமேட் டெம்ப்ளேட்ட ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல தொறந்து பேர மாத்தறது, அசைவோட வேகத்த சரிபண்ற கிராஃப் எடிட்டர் பக்கமே யாரும் போகல. பச்சைத் திரை முன்னாடி எடுத்ததுல பச்சைய நீக்கற க்ரீன் மேட் க்ளாஸ்தான் உச்சம். சார் அதுக்கான கீலைட் எஃபெக்ட் போட்டு பச்சைய தொட்டாரு, பச்சை போச்சு, கூடவே பொண்ணோட பாதி முடியும் போச்சு, மிச்ச முடி ஓரத்துல பச்சையா ஒரு கோடு. கேட்டா "கொஞ்சம் ப்ளர் குடு, மொபைல்ல பாக்கறவனுக்கு என்ன தெரியப்போகுது"ங்கறாரு! முடிக்குத் தனி கீ (பச்சைய நீக்கறதுக்குத்தான் அந்தப் பேரு), உடம்புக்குள்ள ஓட்டை விழாம கோர் மேட், அப்புறம் ஓரத்துல படிஞ்ச பச்சைய எடுக்கற டீஸ்பில், இதெல்லாம் வெளிய வந்துதான் காதுல விழுந்துச்சு.

வேலைன்னு அனுப்புன ஸ்டூடியோல லீட் அண்ணன் என் ரீல (செஞ்ச வேலைய காட்டற வீடியோ) பாத்துட்டு சிரிச்சாரு, "இதே கார் ஷாட்ட ஏற்கெனவே நாலு பேர் ரீல்ல பாத்துட்டேன்டா". பேட்ச் பூரா ஒரே ஃபுட்டேஜ்தான் குடுத்திருந்தாங்க. டெஸ்ட்டுக்கு நான் பண்ண கீயோட ஆல்ஃபாவ (எது தெரியணும், எது மறையணும்னு கறுப்பு வெள்ளைல காட்டறது) தொறந்து காட்டினாரு, சுத்த வெள்ளையா இருக்க வேண்டிய சட்டைல சாம்பல் கலர்ல ஓட்டை ஓட்டையா. கலர் மாத்தற கிரேடுக்கு முன்னாடி அன்ப்ரீமல்ட் (ஆல்ஃபாவால பெருக்கின கலர திருப்பி வகுக்கறது) பண்ணாததால ஓரம் பூரா கோடு வேற. அவரு நின்னபடியே சொல்லிக்குடுத்ததுதான் ஒன்றரை லட்சத்துக்கு நான் கத்துக்கிட்ட கம்பாசிட்டிங்.

அதனால டெமோ க்ளாஸ்லயே முடி பறக்கற ஒரு க்ரீன் மேட் ப்ளேட்ட (கேமரால எடுத்த ஷாட்) குடுத்து கீ பண்ணி ஆல்ஃபாவ காட்டச் சொல்லுங்க, மழுப்பினா கெளம்பிடுங்க. பழைய ஸ்டூடன்ட் ரீல் கேட்டா ப்ரேக்டவுனோட (ஷாட்ட படிப்படியா எப்படி செஞ்சாங்கன்னு) கேளுங்க. புதுசா வர்றவங்கள பெரும்பாலும் ரோட்டோ (ஃப்ரேம் ஃப்ரேமா ஆள சுத்தி வெட்டறது), பெயின்ட்லதான் (வேண்டாதத அழிக்கறது) உக்கார வைப்பாங்க, நேரா கம்பாசிட்டர் வேலைன்னு சொன்னா நம்பாதீங்க. சாஃப்ட்வேர் சார்ஜ்னு தனியா வாங்கிட்டு க்ராக் போட்டுக் குடுத்தாங்க பாருங்க, அதான் எனக்கு இன்னும் ஆறல. நியூக் நான்-கமர்ஷியல் சும்மாவே கெடைக்குது, ரெண்டர் 1920 x 1080க்கு மேல போகாது, கத்துக்க அது தாராளம். எடிட்டிங்குக்கான டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷனுக்குள்ளயே கம்பாசிட்டிங் பண்ற ஃப்யூஷன் இருக்கு, 3டிக்கான ப்ளெண்டரும் ஃப்ரீ.

ஈஎம்ஐன்னு யாராச்சும் ஆரம்பிச்சா ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி கேஎஃப்எஸ் (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், கடன் விவரச் சுருக்கம்) பேப்பர கேளுங்க, யார் கடன் குடுக்கறா, வட்டி எவ்ளோ, மொத்தம் எவ்ளோ கட்டணும்னு அதுல இருக்கணும். ஏற்கெனவே மாட்டினவங்க ரசீது, வாட்ஸப் சாட், போஸ்டர் போட்டோ எதையும் அழிக்காதீங்க, 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சுடுங்க. அதே பேட்ச் பசங்க யாராச்சும் இத படிச்சா இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்தே புகார் போடலாம்.