குன்னூர் பிரசவ வகுப்பு: ஆறு சனிக்கிழமை போய் வந்தவளின் அனுபவம்

ஏழாவது மாதம் தொடங்கியதும் சேர்ந்தோம். கோத்தகிரியிலிருந்து காலை பஸ் பிடித்து, ஆறு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் குன்னூர் போய் வந்தோம். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். தம்பதிக்கு 4,500 ரூபாய். என் அக்கா மாசமாக இருந்தபோது இப்படி ஒரு வகுப்புக்குக் கோயம்புத்தூர்தான் இறங்க வேண்டியிருந்தது. இப்போது எங்கள் குழுவில் மட்டும் ஆறு ஜோடி.

முதல் மூன்று வாரம் பிரசவம் பற்றித்தான். வலி எப்படி ஆரம்பிக்கும், கர்ப்பப்பை வாய் 10 செ.மீ. விரியும்வரை என்ன நடக்கும், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று இடுப்பெலும்பு மாதிரியை வைத்து விளக்கினார். 1950களில் லமாஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் பரப்பிய மூச்சுப் பயிற்சியும் உண்டு. வலி வரும்போது என் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து எப்படி அழுத்த வேண்டும் என்று வீட்டுக்காரர் அங்கேதான் கற்றுக்கொண்டார். மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொன்னார்: மழைக்காலத்தில் பாதையில் மண் சரியும், வலி வலுக்கும்வரை காத்திருக்காதீர்கள், 108 வர ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று.

நான்காம் வாரம் பெரியவர்களையும் அழைத்து வரச் சொன்னார். என் மாமியார் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். "எங்க காலத்துல எல்லாம் வகுப்புக்குப் போயா பெத்தோம்?" என்று பஸ்ஸில் முழுக்கப் பேச்சு. சிஸ்டர் அவரை முன்னால் உட்காரவைத்து, அவர் பெற்ற மூன்று பிரசவங்களையும் பற்றிக் கேட்டார். அதன் பிறகுதான் சேனை வைக்கும் பேச்சை எடுத்தார். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் ஏன் வேண்டாம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஏன் போக வேண்டும், ஆறு மாதம் தண்ணீர்கூட ஏன் தேவையில்லை என்று பொறுமையாகச் சொன்னார். திரும்பி வரும்போது அத்தை பேசவே இல்லை. கட்டபெட்டு தாண்டும்போது, "சீம்பாலைப் பீச்சிக் கொட்டச் சொன்னாங்களே எங்க ஆத்தா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்தாம் வாரம் பால் கொடுக்கும் பயிற்சி. கம்பளி நூலில் பின்னிய மார்பு மாதிரி, ஒரு பொம்மை, தலையணை. காம்பை மட்டும் கவ்வவிடாமல் கருவளையமும் சேர்ந்து வாய்க்குள் போகிற மாதிரி எப்படிப் பிடிப்பது, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எப்படிக் கொடுப்பது என்று ஒவ்வொருவரையும் செய்யவைத்துத் திருத்தினார். இந்த ஒரு வாரத்துக்கே 4,500 கொடுக்கலாம்.

ஏனென்றால் எனக்கு நடந்தது சிசேரியன். 14 மணி நேர வலிக்குப் பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துவிட்டது. தியேட்டர் மேசையில் படுத்திருந்தபோது நான் ஏதோ பரீட்சையில் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். இங்கேதான் வகுப்பின் பெரிய குறை. ஆறு வாரத்தில் சிசேரியனுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அப்படியென்றால் அந்த மாடியில் பாய் விரித்து உட்கார்ந்த ஆறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு அது நடக்கலாம். தையலோடு எப்படி எழுவது, மனசை எப்படித் தேற்றுவது என்று ஒரு முழு வகுப்பு வேண்டும். சிஸ்டரிடமே இதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் பால் விஷயத்தில் வகுப்பு கைவிடவில்லை. நான் தியேட்டரில் இருக்கும்போது வீட்டுக்காரர் ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றி, பாப்பாவை வெறும் மார்போடு அணைத்துக்கொண்டார். ஜனவரிக் குளிர் வேறு. இரண்டாம் நாள் விடாத அழுகை. பார்க்க வந்தவர்கள், "பால் பத்தல, பவுடர் வாங்குங்க" என்றார்கள். அத்தைதான் பதில் சொன்னார்: "முத நாள்ல அதுக்கு ஒரு ஸ்பூன்தான் கொள்ளும். எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுதுன்னு நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்." தையலில் பாரம் படாமல் கக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். 2.9 கிலோவில் பிறந்தவள் மூன்றாம் நாள் 2.7 ஆனாள். இவ்வளவு குறைவது சகஜம் என்று தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. இரண்டு வாரத்தில் பழைய எடை வந்துவிட்டது.

இன்னும் இரண்டு குறைகள். மாடிப்படி செங்குத்து, மழையில் பாசி வழுக்கும், கைப்பிடியும் கிடையாது. கர்ப்பிணிகள் ஏறும் இடத்துக்கு இது ஆகாது. அப்புறம், சனிக்கிழமை காலை என்றால் எஸ்டேட்டில் இலை பறிக்கும் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அவர்களுக்காக ஞாயிறு மதியம், குறைந்த கட்டணத்தில் நடத்தலாம்.

போகிறவர்கள் கம்பளி சாக்ஸும் சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், தரை ஜில்லென்று இருக்கும். நான்காம் வாரம் அம்மாவையோ மாமியாரையோ கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை.