கயாகுமா, கோமுன்கோவா?

கொரிய மரபிசையில் மீட்டி வாசிக்கும் தந்திக் கருவி ஒன்றைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அமைப்பு
கயாகும்: 12 பட்டுத் தந்திகள், ஒவ்வொன்றுக்கும் நகர்த்தக்கூடிய குதிரை (தந்தியைத் தாங்கும் சிறு கட்டை).
கோமுன்கோ: 6 தடித்த தந்திகள், 16 மெட்டுகள் (வீணையில் இருப்பதுபோல், தந்தியை அழுத்தும் மேடுகள்). மூன்று தந்திகள் மட்டுமே மெட்டுகளின் மேல் ஓடும்.

வாசிப்பு
கயாகும்: வலக்கை விரல்களாலேயே மீட்டலாம், சுண்டலாம். முதல் நாளே ஓரளவு இனிய ஒலி வரும்.
கோமுன்கோ: சுல்தே என்ற மூங்கில் குச்சியால் அடித்து மீட்ட வேண்டும். இடக்கை தந்தியை மெட்டின் மேல் அழுத்தித் தள்ளும். விரல் காய்த்துப்போகும்வரை வலிக்கும்.

ஒலி
கயாகும் தெளிவானது, மென்மையானது. கோமுன்கோ ஆழமானது, குச்சி பலகையில் படும் சத்தமும் இசையின் பகுதியே. ஜோசோன் அரசமரபுக் காலக் கல்விமான்கள் மனத்தைப் பண்படுத்தும் கருவியாக இதைப் போற்றினார்கள். ஒற்றைச் சுரத்தை மெல்ல வளைத்து அதிரவிடும் அந்த நடை, நம் வீணைக் கமகத்தை ரசிப்பவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

இசைக்களம்
சான்ஜோ என்னும் தனி வாசிப்பு வடிவம் இரண்டுக்கும் உண்டு. புதிய படைப்புகளில் கயாகும் முந்துகிறது: இசையமைப்பாளர் ஹ்வாங் ப்யோங்கி (1936–2018) அதற்கெனவே எழுதிக் குவித்தார், 25 தந்திகள் கொண்ட நவீன வடிவமும் வந்துவிட்டது.

மேற்கத்திய இசைக்கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணமிருந்தால் 25 தந்திக் கயாகும். சான்ஜோ கற்க 12 தந்தி. பொறுமையும், தாழ்ந்த சுரங்களில் காதலும் உள்ளவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன், கோமுன்கோதான்.