குடியை நிறுத்த எந்தக் கூட்டம்? ஏ.ஏ., மருத்துவமனைக் குழு, ஜூம்

குடியை விட்டவர் மறுபடி கிளாஸைத் தொடுவது பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. வேலை விட்டு வரும் 6 மணிக்கும் கடை சாத்தும் 10 மணிக்கும் நடுவில் உங்களை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் கூட்டத்தின் கொள்கை பிடித்திருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்து வந்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சித்தம் கலங்கி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. எந்தக் கூட்டமும் இதைச் சமாளிக்காது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-ஐக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

ஏ.ஏ. மீட்டிங்

குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவும் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கியது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணமோ பதிவேடோ கிடையாது. முடிவில் காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. ஓப்பன் மீட்டிங்குக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வரலாம். குளோஸ்டு மீட்டிங் குடிப்பிரச்சினை உள்ளவருக்கு மட்டும்.

இடம் கண்டுபிடிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சர்ச் வளாகத்து அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ கூட்டம் நடக்கும். வெளியே போர்டு இருக்காது, வாட்ச்மேனுக்கும் தெரியாமல் இருக்கலாம். ஏ.ஏ. கூட்டப் பட்டியலில் உள்ள முகவரி பழையதாகவும் இருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் நேராகப் போவது கடைக்குத்தான். அதனால் கிளம்பும் முன் தொடர்பு எண்ணுக்கு போன் செய்து, "இன்னிக்கு மீட்டிங் உண்டா, எந்த கேட், எந்த ரூம்?" என்று மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் வாசலில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். பழைய உறுப்பினர்கள் இதைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

சர்ச்சில் நடப்பதால் மதமாற்றம் என்று பயப்பட வேண்டாம், அது வாடகை இடம். ஆனால் பிரார்த்தனை உண்டு, குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் பேச்சும் உண்டு. "நாம் அறிந்துகொண்ட வகையில் கடவுள்" என்றுதான் சொல்வார்கள், நாத்திகர்களும் வருகிறார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னிக்குக் கேக்க வந்திருக்கேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் நழுவிவிடாதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் நம்பர்கள் கைமாறும். இரவு 9 மணிக்கு மனசு அலைபாயும்போது உதவுவது அந்த நம்பர்கள்தான். ஸ்பான்சராக, அதாவது கூடவே வழிகாட்டும் பழைய உறுப்பினராக, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்வதே வழக்கம், அதுதான் பாதுகாப்பும்கூட.

ஒரு குறை: "மாத்திரையெல்லாம் எதுக்கு, மீட்டிங் போதும்" என்று சொல்லும் ஆட்கள் சில குழுக்களில் இருப்பார்கள். ஏ.ஏ.வின் சொந்த வெளியீடுகளே உறுப்பினர் டாக்டர் மாதிரி மருந்து யோசனை சொல்லக் கூடாது என்கின்றன. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மருத்துவமனைக் குழு

சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. குடிமீட்பு மருத்துவமனை போன்ற இடங்களில் சிகிச்சைக்குப் பின் தொடர் கவனிப்புக் குழுக்களும் உண்டு. டாக்டரும் ஆலோசகரும் பக்கத்தில் இருப்பதுதான் இதன் பெரிய பலம். தூக்கமின்மை, மனச்சோர்வு, ஈரல் கோளாறு எல்லாவற்றையும் அங்கேயே பேசிவிடலாம். பலவீனம் நேரம். பெரும்பாலும் வேலை நாளில், பகலில் நடக்கும். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அங்கே சிகிச்சை எடுக்காதவரைச் சேர்ப்பார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே அது மருந்து.

ஜூம் கூட்டங்கள்

பக்கத்தில் குழு இல்லாத ஊருக்கும், வெளியே போக முடியாத பெண்களுக்கும் இது பெரிய வரம். ஏ.ஏ.வும் ஆன்லைனில் நடக்கிறது. கடவுள் பேச்சே வேண்டாம் என்பவருக்கு ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கிறது: ஆசையைச் சமாளிப்பது, எண்ணத்தைச் சோதிப்பது என்று பயிற்சிகளாகப் போகும். அங்கே ஆங்கிலம் தேவைப்படும். உள்ளே நுழையும் முன் திரைப்பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் போனில் பதிந்த முழுப்பெயர் எல்லோருக்கும் தெரியும். ஒற்றை அறை வீட்டில் இயர்போன் கட்டாயம். கேமராவை அணைத்துப் படுத்துக்கொண்டு கேட்பது மெதுவாகக் கூட்டத்தையே விட்டுவிடுவதில் முடியும்.

எதை எடுப்பது?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு 27 ஆய்வுகளைப் பார்த்தது. மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டால், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏ.ஏ.வும், ஏ.ஏ.வில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சைகளும் சளைத்தவையல்ல, பல நேரம் மேலானவை என்றது. எங்கள் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான்: முதல் வாரம் மருத்துவமனை, அதன்பின் சாயங்கால ஏ.ஏ. முதுகெலும்பு, வெளியூர் போகும் நாளுக்கு ஜூம். ஒரு குழு பிடிக்காவிட்டால் ஏ.ஏ.வையே ஒதுக்காமல் வேறு இரண்டு மூன்று குழுக்களைப் பாருங்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் இருக்கிறது. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவியோ அம்மாவோ தனியாகப் போகலாம், அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.