வீடியோ வானியலுக்கு ஆல்ட்-அஸ் மவுண்டா, ஈக்குவடோரியலா?

தொலைநோக்கியில் கேமரா பொருத்தி வானத்தை நேரலையாகத் திரையில் பார்ப்பதுதான் வீடியோ வானியல். சின்னத் தொலைநோக்கியும் யூஎஸ்பி கேமராவும் வாங்கியாயிற்று, எந்த மவுண்டின்மேல் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) நிறுத்துவது என்று குழம்புபவர்களுக்கு இது. குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை கொஞ்சம் வேறு.

நிறுத்துவது

ஈக்குவடோரியல் (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழல்வது): அந்த அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பவேண்டும். நாகர்கோவிலில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 8 டிகிரிதான். தென்னையோ மலையோ மறைத்துவிடும். அவ்வளவு தாழ்வாக வைத்தால் சில மாடல்களில் எதிர் எடைக் கம்பி முக்காலியில் முட்டும். சில மாடல்கள் அந்த அளவுக்கு இறங்கவே இறங்காது. வாங்கும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஆல்ட்-அஸ் (மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது): மோட்டாரும் கணினியும் உள்ள மாடலில் மட்டம் பார்த்து, இரண்டு மூன்று நட்சத்திரங்களைக் காட்டினால் போதும். வடக்கு மறைந்தாலும் கவலையில்லை.

படம்

ஈக்குவடோரியல்: ஒரே படத்துக்கு நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் (ஒளி சேர்க்கும் நேரம்) தரலாம்.

ஆல்ட்-அஸ்: காட்சி மெல்லச் சுழலும். ஆனால் நமக்கு ஒரு ஃபிரேம் சில விநாடிகள்தானே. ஷார்ப்கேப் போன்ற மென்பொருள் சுழற்சியைத் திருத்தி, ஃபிரேம்களை நேரலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். மே மாத இரவில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து இங்கே தெற்கில் 34 டிகிரி உயரம் வரை ஏறும், டெல்லியில் 14தான். அதைத் திரையில் பார்க்க இதுவே போதும்!

விலை, எடை

தொடக்க நிலையில் ஆல்ட்-அஸ் பொதுவாக மலிவு, லேசு. முட்டம் கடற்கரைக்கும் தூக்கிப் போகலாம். திரும்பியதும் உப்பு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

சரி, யாருக்கு எது? நிலா, கோள்கள், கொத்துகள் பார்ப்பவருக்கு ஆல்ட்-அஸ். வடக்கு திறந்த மொட்டைமாடியில் நிரந்தரத் தூண் கட்டி, மங்கலான நெபுலாக்களை (விண்வெளி வாயு மேகங்களை) நீண்ட நேரம் பிடிக்க விரும்புபவருக்கு மட்டும் ஈக்குவடோரியல்.