காதர்பேட்டை தெர்மல் செட்: வட துருவத்துக்கு எது, தென் துருவத்துக்கு எது?

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய) தெர்மல் செட், அதாவது குளிருக்கு உள்ளே போடும் மேல்-கீழ் உடுப்பு, மூன்று ரகமாகக் கிடைக்கிறது: காட்டன் வாஃபிள் (கட்டம் கட்டமாகப் பின்னிய பருத்தி), உள்பக்கம் பிரஷ் செய்து பஞ்சுபோல் ஆக்கிய பாலியஸ்டர்-ஸ்பாண்டெக்ஸ், எப்போதாவது மெரினோ கம்பளி. நார்வேக்குப் படிக்கப் போகிற பிள்ளை கேட்டாலும், அண்டார்டிகா கப்பலுக்குப் பதிந்தவர் கேட்டாலும் ஒரே பதில்தான்: "மைனஸ் நாப்பது தாங்குமுங்ணா." அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். வடக்கே குளிர் ஈரத்தோடு வரும். தெற்கே வறட்சியோடும் காற்றோடும் வரும்.

வட துருவம் கடல். சில மீட்டர் பனிக்கட்டிக்கு அடியில் −1.8 டிகிரி தண்ணீர் கிடக்கிறது. அதிலிருந்து வெப்பம் ஏறிக்கொண்டே இருப்பதால் குளிர்காலச் சராசரி −30-ஐ ஒட்டி நின்றுவிடும், கோடையில் சைபருக்கு வரும். நார்வேயின் டிரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும், அட்லாண்டிக் வெந்நீரோட்டத்தால் ஜனவரியில் சைபருக்குச் சில டிகிரிதான் கீழே. நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் நடுக் குளிர்காலத்திலும் மழை பெய்வதுண்டு.

தென் துருவம் நிலம். அதன்மேல் சராசரியாக இரண்டு கிலோமீட்டர் அளவுக்குப் பனி. துருவப் புள்ளியே 2,835 மீட்டர், தொட்டபெட்டாவைவிட உயரம். கடலின் சூடு அங்கே எட்டாது. குளிர்காலச் சராசரி −60, ஜனவரியிலேயே −28. அண்டார்டிகாவில் உள்ள ரஷ்யாவின் வோஸ்தோக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21-இல் −89.2 பதிவானது. மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி, கரையோரத்தில் புயல் வேகத்தில் அடிக்கும்.

இனி துணி. காட்டன் வாஃபிள் ஊட்டி மார்கழிக்குச் சரி, துருவத்துக்கு வேண்டவே வேண்டாம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நடை நின்றதும் ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். டிரோம்சோ மாதிரி ஈரப்பனி ஊருக்கு 160–200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பாலியஸ்டர் நல்ல தேர்வு: ஈரம் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை, சீக்கிரம் காயும். அண்டார்டிகாவின் உள்பகுதிக்கு 240–260 ஜிஎஸ்எம் மெரினோதான். விலை பல மடங்கு, ஆனால் கொடுக்கலாம். வறண்ட காற்றில் பாலியஸ்டர் உராய்ந்து நிலைமின்சாரம் ஏறும், கழற்றும்போது பொறி தெறிக்கும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் பிடித்தும் உடம்பில் சில்லென்று ஒட்டாது. எந்தத் தெர்மலும் காற்றைத் தடுக்காது. மேலே காற்றுப்புகாத ஜாக்கெட் இல்லையென்றால் மெரினோவுக்குக் கொடுத்த காசு வீண்.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து நவம்பர்–மார்ச்சில் கிளம்பும் சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் அண்டார்டிகத் தீபகற்பத்துக்குத்தான் போகின்றன. அங்கே அது கோடை, சைபரை ஒட்டிய குளிர், ஈரப்பனி. எனவே அந்தப் பயணிக்கும் டிரோம்சோ செட்டே போதும். கனமான மெரினோவில் வேர்த்துத்தான் போவார்கள்.

கடையில் லேபிளை மட்டும் பார்க்காதீர்கள், சர்ப்ளஸில் லேபிள் மாறியிருக்கும். தையல் ஓரத்தில் ஒரு நூல் உருவிக் கொளுத்துங்கள்: முடி கருகும் வாசமும் நொறுங்கும் சாம்பலும் என்றால் கம்பளி, உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர், காகிதம்போல் எரிந்தால் காட்டன். கட் பீஸ் கிடைத்தால் 10×10 சென்டிமீட்டர் வெட்டி நகைத் தராசில் வையுங்கள், 2.4 கிராம் என்றால் 240 ஜிஎஸ்எம். பிரஷ் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், பஞ்சு உருண்டு வந்தால் சில துவைப்பிலேயே மொட்டையாகிவிடும். அக்குளில் பிளாட்லாக் (மேடு இல்லாத தட்டை) தையல் இருக்க வேண்டும். ஓவர்லாக் தையலின் மேடு, பேக் மாட்டினால் தோளையும் அறுக்கும்.

அளவு உடம்போடு ஒட்டியிருக்கட்டும், ஆனால் கணுக்கால் ரிப் (இழுபடும் பட்டி) இறுக்கக் கூடாது. ரத்தவோட்டம் குறைந்தால் எந்த பூட்ஸும் விரலைக் காப்பாற்றாது. துவைக்க 30 டிகிரித் தண்ணீர் போதும். சாஃப்ட்னர் ஊற்றினால் துணி வேர்வையை இழுப்பது நின்றுவிடும்.